படத்துக்கு ஓர் ஒப்பாரி

"என்னால பாட முடியாதுக்கா. பயமா இருக்கு," என்றாள் நோரின்.

அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து அவளையும் ஹன்னாவையும் லண்டன் ஸ்டுடியோவுக்கு வரவழைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம். அதில் ஒரு மீனவன் கடலில் மூழ்கிச் சாகிறான். அவனுக்கு அசல் ஐரிஷ் ஒப்பாரிதான் வேண்டும் என்று இசையமைப்பாளர் ஒற்றைக்காலில் நின்றார்.

நோரினுக்கு ஒப்பாரி சொல்லிக்கொடுத்தவள் ஹன்னா. இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் குரு குருதான்.

"என்ன பயம்?"

"நீங்கதானே சொன்னீங்க? பிணம் இல்லாத இடத்துல பாடினா, பாட்டு தனக்கொரு பிணத்தைத் தேடிப் போகும்னு."

"சொன்னேன்."

"மார்ட்டின் கடல்ல இருக்கான். ஊர்ல புயலாம். படகு இன்னும் கரைக்கு வரலைன்னு காலையில தந்தி வந்துச்சு."

மார்ட்டின் அவள் தம்பி. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

"பாடாம திரும்பிடலாமாக்கா?"

"பாடறோம்னு வாக்கு குடுத்தாச்சே."

இசையமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாமாம்மா? வெறும் சினிமாதானே!"

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். படத்தில் செத்துப்போனவன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஹன்னா ஷூவைக் கழற்றினாள். மைக்குக்கு முன்னால் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தாள். ஜெபமாலையை விரல்களில் சுற்றி, கைகளை மார்பின் மேல் வைத்துக் கண்ணை மூடினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க? எழுந்திருங்க!"

"பிணம் இருக்கு. பாடு."

வயலின்காரர் ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நோரின் மைக்கின் பக்கம் போய் நின்றாள். பாடினாள். பாடப் பாட, ஹன்னாவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. பயம் குரலில் ஏறியது. அலறலாகவே முடிந்தது பாட்டு.

விளக்கு அணைந்தது.

"அக்கா."

ஹன்னா அப்படியே கிடந்தாள்.

"அக்கா!" நோரின் மண்டியிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஹன்னா மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

நோரினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "உயிரே போயிடுச்சுக்கா எனக்கு! ஒண்ணும் ஆகாதுன்னு காட்டத்தானே படுத்தீங்க? நீங்க இதையெல்லாம் நம்பறதில்ல, அப்படித்தானே?"

ஹன்னா எழுந்து உட்கார்ந்து ஷூவைத் தேடினாள்.

"நம்பாமலா படுத்தேன்?"