பின்னால் நிற்பவள்

“பாவம் ஜெசிந்தா. ரெண்டு பேரையும் தோள்ல தூக்கிக்கிட்டு சுடுறா.”

தண்ணீர்க் குழாயடியில் வேறு கல்லூரிப் பெண் யாரோ சொன்னது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த ஜெசிந்தாவுக்குக் கேட்டது.

கேட்டதும் அவளுக்கு இன்னும் களைப்பாகிவிட்டது.

பயிற்சியாளர் சுகந்தி அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, துப்பாக்கி சுடும்போது போடுகிற கனத்த ஜாக்கெட் ஒன்றின் பிய்ந்த பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கல்லூரிக்காகச் சுட்டவள். ஒரு மாதத்தில் இது நான்காவது போட்டி. அவள் கண்ணுக்குக் கீழே கருமை விழுந்திருந்தது.

“அக்கா, நாளைக்கு டீம்ல நிலோஃபர் வேண்டாம்.”

“ம்.”

“ரிசர்வ்ல இருக்கிற வான்மதியைப் போடலாம். ஆறு மணிக்குள்ள பேரை மாத்தலாமாம். ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துட்டேன்.”

“கேட்டுட்டே வந்துட்டியா.”

“முடியலைக்கா. மூணு பேர் ஸ்கோரையும் கூட்டித்தான் டீம் ஸ்கோர். நான் ஏத்துறதை அவ இறக்குறா. போன தடவை ரெண்டு பாயின்ட்ல மெடல் போச்சு. நாளைக்கும் போச்சுன்னா அடுத்த வருஷம் டீமே இருக்காதுன்னு பிரின்சிபால் சொல்லிட்டாங்க.”

“எனக்கும் முடியலைதான். உக்காரு.”

ஜெசிந்தா உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டினாள்.

“இதைப் பாருங்க. ரெண்டு மாசமா அவ சுட்ட ஒவ்வொரு குண்டும் இதுல இருக்கு. சிவப்புல இருக்கிறது எல்லாம் பத்துக்கு எட்டும் அதுக்குக் கீழயும்.”

சுகந்தி அக்கா பக்கங்களைப் புரட்டினாள். முதல் பக்கங்களில் சிவப்பு குறைவு. போகப் போகக் கூடிக்கொண்டே வந்தது.

“இதெல்லாம் எப்ப எழுதினே?”

“சுடும்போதேதான். கேப்டன்னு நான் எல்லாருக்கும் பின்னால நிக்கிறேன் இல்ல? அவ ஸ்கோர் காட்டுற மானிட்டர் நேர் எதிர்லயே தெரியும்.”

ரைஃபிள்காரர்கள் நின்று சுடும்போது இலக்குக்குப் பக்கவாட்டில், எல்லோரும் ஒரே திசை பார்த்து நிற்பார்கள். ஒருத்தியின் கண்ணெதிரே அடுத்தவளின் முதுகு. எல்லோருக்கும் பின்னால் நிற்பவளுக்கு எல்லா முதுகும் தெரியும்.

“உன் ஸ்கோர் எழுதின நோட்டு எங்கே?”

“என்னுதா? அது மெஷின்லயே இருக்குமேக்கா.”

“எட்டு விழுந்தா அவ என்ன சொல்லுவா?”

“என்ன சொல்லுவா? ‘சாரி டீ’ம்பா. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. அவ சாரி யாருக்கு வேணும்?”

சுகந்தி அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஜாக்கெட்டை உதறிக் கொடுத்தாள்.

“போ. பத்து குண்டு சுடு. அப்புறம் பேரை மாத்திக்கலாம்.”

“இப்பவா? இந்த ஜாக்கெட்டுக்குள்ள இட்லியே வெந்துடும்க்கா.”

“வேகட்டும்.”

கூடம் கிட்டத்தட்ட காலியாக இருந்தது. ஜெசிந்தா பதினான்காம் லேனில் நின்று துப்பாக்கியைத் தூக்கினாள்.

பத்து.

பத்து.

முதுகுப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இழுபட்டது. சுகந்தி அக்கா வந்து உட்கார்ந்தாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்புகிற சத்தம்.

ஒன்பது.

பேனா எழுதியது.

பத்து.

பேனா எழுதியது. இந்த முறை கொஞ்சம் அதிக நேரம் எழுதியது போல இருந்தது.

ஒன்பது.

எட்டு.

பின்னால் சின்னதாக ஒரு மூச்சு. ஜெசிந்தாவின் பிடரியில் வியர்வை இறங்கியது. இன்னும் நான்கு குண்டுதான். கையை இறக்கி ஓய்வெடுத்திருக்கலாம். ஆனால் பின்னால் ஆள் இருக்கும்போது இறக்க மனம் வரவில்லை. சுட்டாள்.

ஏழு.

முதல் வருடத்துக்குப் பிறகு அவள் ஏழு சுட்டதில்லை.

“சாரிக்கா,” என்றாள், திரும்பாமல்.

சொன்ன வாய் அப்படியே நின்றது.

“நான் ஒண்ணும் சொல்லலையே,” என்றாள் சுகந்தி அக்கா.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. நோட்டு மேசைமேல் விழுந்தது.

“டீ குடிக்கப் போறேன். ஆபீஸ் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

ஜெசிந்தா மிச்சம் மூன்று குண்டுகளைச் சுடவில்லை.

மறுநாள் காலையில் அணியின் மூன்று பேருக்கும் கிடைத்தது பதினான்கு, பதினைந்து, பதினாறாம் லேன்கள். பதினாறில் நிற்பவள்தான் எல்லோருக்கும் முன்னால். அதற்கு அப்பால் சுவர்.

அணியின் மூன்றாவது பெண் மோனிஷா வந்தபோது, பதினாறில் இருக்க வேண்டிய அவளுடைய துப்பாக்கிப் பெட்டி பதினான்கில் இருந்தது.

“என் பெட்டியை யாருடீ இங்க வெச்சது?”

“நான்தான்,” என்றாள் ஜெசிந்தா.

“இது கேப்டன் இடம்டீ.”

“இன்னைக்கு நீ நில்லு.”

“அப்ப நான்தான் கேப்டனா? சொல்லவே இல்ல. தலையாவது ஒழுங்கா சீவிட்டு வந்திருப்பேன்.”

பதினைந்தில் நிலோஃபர் ஜாக்கெட்டைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இரவெல்லாம் தூங்காத முகம்.

“ஜெசி, நேத்து நீ ஆபீசுக்குப் போனதைப் பார்த்தேன். என் பேரை எடுத்தாச்சா? எடுத்திருந்தா சொல்லிடு. இதைப் போட்டுட்டுக் கழட்ட என்னால முடியாது.”

“எடுக்கலை.”

“நிஜமா?”

“ஜாக்கெட்டைப் போடுடீ. நேரமாச்சு.”

எல்லோரும் தயாராகும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

ஜெசிந்தா துப்பாக்கியோடு நிலோஃபரைத் தாண்டிப் போய், பதினாறில், சுவரைப் பார்த்து நின்றாள்.