துண்டுக்கடியில் விலைபோன பந்துக் குழு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, பூவானி ஆற்றங்கரையில் மதிவாண ராஜா என்று ஒருவர் அரசாண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. அவருக்குச் சொந்தமாக ஒரு கால்பந்துக் குழு இருந்தது. அந்தக் காலத்தில் ஏதய்யா கால்பந்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். கதை சொல்வது நான். என் ராஜா எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்.

குழு ஜெயித்தால் பதினோரு பேரையும் யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவார். தோற்றால் யாரோடும் பேச மாட்டார். அந்த வருஷம் பாருங்கள், யானைக்கு வேலையே இல்லை. பக்கத்து நாட்டுக்காரர்கள் வந்து நாலு கோல் போட்டுவிட்டுப் போன அன்று ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. குழுவை விற்றுத் தொலையுங்கள் என்று சபையில் சொல்லிவிட்டார்.

உடனே எழுந்தார் பொக்கிஷ அதிகாரி ஆவுடைநாயகம். எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆசாமி. மந்திரி தீத்தாரப்பனைப் பார்த்து ராஜா சிரித்தால் போதும், இவருக்கு வயிறு எரியும். இந்தத் தண்டச்சோற்றுக் கூட்டத்தை வளர்த்துவிட்டதே மந்திரிதான் என்று முதலில் ஒரு குத்து குத்தினார். பிறகு குரலை இறக்கி, பிள்ளைகள் பாவம், பட்டினி கிடக்கக் கூடாது, அந்த இரக்கத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஆவுடைநாயகத்துக்கு இரக்கமா என்று சபையே வாயைப் பிளந்தது.

மந்திரி மட்டும் ஆச்சரியப்படவில்லை. ஆட்டம் நடக்கும்போது ஊரே பந்தைப் பார்க்கும். ஆவுடைநாயகம் மட்டும் திடலின் நாலு மூலையையும் நடந்து அளப்பதை அவர் பார்த்திருந்தார். குழுவை வாங்கினால் திடலும் கூடவே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. திடல் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஓர் உப்புக் கிடங்கு கட்டினால் ஏழு தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம்.

அன்று மாலையே குழுத்தலைவன் பலவேசம் மந்திரியைத் தேடி வந்தான். "ஐயா, எங்களை யாருக்கு வேண்டுமானாலும் வில்லுங்கள். திடல் போய்விட்டால் நாங்கள் ஆளுக்கொரு திசைதான்," என்று கண்கலங்கினான். ராஜாவிடம் சொல்லலாம்தான். ஆனால் அவர் இருக்கும் கோபத்தில் திடலையும் சேர்த்துக் கொடு என்று சொல்லிவிட்டால்? மந்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பேரம். விலையைச் சத்தமாகச் சொன்னால் வேறு வியாபாரிகள் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்களே என்று ஆவுடைநாயகத்துக்குப் பயம். மாட்டுச் சந்தை முறையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்ளலாம் என்று அவரே கேட்டார்.

மந்திரி தன் தோள்துண்டை எடுத்து விரித்தார். "சந்தை முறை என்றால் முழுக்கச் சந்தை முறைதானே?"

"அதிலென்ன சந்தேகம்? ராஜா சாட்சி," என்றார் ஆவுடைநாயகம்.

துண்டுக்கடியில் மந்திரி ஒரு விரலைப் பிடித்தார். ஒரு விரல் என்றால் ஆயிரம் பொன். அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோற்றுப்போகிற குழுவுக்கா இந்த விலை? ஆனால் கண்முன்னே உப்பு மூட்டைகள் அடுக்கடுக்காக நின்றனவே! வியர்க்க விறுவிறுக்க ஒத்துக்கொண்டார். பணம் கை மாறியது. அடுத்த நிமிஷமே, திடலின் எல்லைக் கல்லைக் காட்ட ஆள் அனுப்பச் சொன்னார்.

"எந்தத் திடல்?" என்றார் மந்திரி. "மாட்டை விற்றவன் கயிற்றை அவிழ்த்துத் தன்னிடமே வைத்துக்கொள்வான். அது அவன் வீட்டு லட்சுமி. வாங்கினவன்தான் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். சந்தைக்குப் போன சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். இந்தப் பதினோரு பேரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த கயிறு அந்தத் திடல். மாடு உமக்கு, கயிறு ராஜாவுக்கு."

திடல் இல்லாத குழுவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று ஆவுடைநாயகம் அலறிவிட்டார். ராஜாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"இரக்கப்பட்டல்லவா வாங்கினீர்? பிள்ளைகள் அதோ நிற்கிறார்கள். மத்தியானச் சோற்றுக்கு அழைத்துப் போம்," என்றார். சபை குலுங்கிச் சிரித்தது. திடல் என்றைக்கும் ஊருக்குப் பொது, யாரும் ஆடலாம், ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று ராஜா உத்தரவு போட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

ஆவுடைநாயகம் குழுவை விற்கப் படாத பாடு பட்டார். தோற்கிற குழுவை யார் வாங்குவார்? ஜெயித்தாலாவது விலை வருமே என்று கேப்பைக்கூழ், முட்டை, நல்லெண்ணெய் என்று செலவழித்தார். போட்ட காசு என்ன ஆகிறது என்று பார்க்கத் திடலுக்கும் போனார். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பந்தைப் பார்த்தார். அப்புறம் என்ன, அங்கேயே கிடையாய்க் கிடந்தார்.

அறுவடை முடிந்ததும் பக்கத்து நாட்டோடு மறுபடி ஆட்டம். பலவேசம் அடித்த ஒரே கோலில் நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். ராஜாவுக்கு உடனே மனசு மாறிவிட்டது. இரண்டு மடங்கு தருகிறேன், குழுவைத் திருப்பிக் கொடும் என்று ஆள் அனுப்பினார். ஆவுடைநாயகம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். மூன்று மடங்கு என்றார். அதற்கும் வேண்டாம் என்றே வந்தது.

"லாபத்தை வேண்டாம் என்கிறாரே, இது என்ன வியாபாரம்?" என்று மந்திரியைக் கேட்டார்.

"வாங்கும்போதுதான் அது வியாபாரம், மகாராஜா. இப்போது பலவேசத்துக்கு முழங்காலில் அடி. அந்த மனுஷர் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை," என்றார் தீத்தாரப்பன்.

ராஜா நம்பாமல் தானே திடலுக்குப் போனார். புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலவேசத்தின் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் ஆவுடைநாயகம். ராஜா நாலு மடங்கு என்று வாயெடுத்தார்.

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பேரமெல்லாம் அப்புறம், மகாராஜா. பையனுக்கு வலிக்கிறது. இந்தக் காலைக் கொஞ்சம் பிடியுங்கள்."

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து காலைப் பிடித்தார்.