காற்று படுத்துத் தூங்கிய ரொட்டி

அந்தக் காலத்தில் காக்கைக்கும் பேச்சு இருந்தது, காற்றுக்கும் இருந்தது, பிசைந்து வைத்த மாவுக்கும்கூட இருந்தது. ரொட்டிக்கு மட்டும் அடுக்கு இல்லை. சுட்டு எடுத்தால் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு கிடக்கும். பல் போனவர்கள் சால்னாவில் ஊறப்போட்டு, நேரம் பார்த்துத்தான் வாயில் வைப்பார்கள்.

அப்போது கடற்கரையில் ஜுலைகா என்று ஒருத்தி இருந்தாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை மீராசா பாய்மரத் தோணியில் சரக்கு ஏற்றிப் போயிருந்தான். இன்றைக்கு வந்துவிடுவான் என்று அவள் மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் காற்று பிடித்தது. சும்மா காற்றா அது? கூரை ஓலையைப் பிய்த்துக் கிணற்றில் போட்டது. கோழிக்கூண்டை உருட்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய்விட்டது.

காக்கை ஒன்று தத்தளித்து வந்து சன்னலில் உட்கார்ந்தது.

"ஏ ஜுலைகா, உன் மாப்பிள்ளை தோணியைப் பார்த்தேன். பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் பம்பரமாச் சுத்துது. முட்டாம இருந்தாப் பெரிய காரியம்."

ஜுலைகா மாவு ஒட்டிய கையோடு வாசலுக்கு ஓடினாள்.

"ஏ காத்தே! உனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? செத்த நேரம் நில்லேன்!"

"நிக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றது காற்று. "பொறந்ததுலருந்து ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. எதுமேல படுத்தாலும் அது பறந்துபோயிடுது. தூங்காதவனுக்குக் கோவம் வராம வேறென்ன வரும்?"

"நான் படுக்கை போட்டா அடங்குவியா?"

"போட்டுப் பாரு. ஆனா முழிச்சதும் என்னை வெளிய விட்டுடணும். அடைச்சு வெச்சே, உன் வீடு மிஞ்சாது."

வீட்டில் இருந்த பாயும் போர்வையும் ஏற்கெனவே பறந்துவிட்டன. மிச்சம் மாவுதான். அதைப் போர்வை மாதிரி இழுத்துப் பார்த்தாள். டப்பென்று அறுந்தது. மறுபடி இழுத்தாள். இன்னும் பெரிதாகக் கிழிந்தது.

"இதைவிடக் கோணிச்சாக்கு தேவலை!" என்று சிரித்தது காற்று. கூரையில் இன்னொரு கீற்று போயிற்று.

அப்போது மாவு வாய் திறந்தது. "உன் பதற்றத்தை எல்லாம் என்மேல போட்டுக் குத்திட்டே. உடம்பு முறுக்கிக் கிடக்கு. எண்ணெய் தடவி, ஈரத்துணி போர்த்தி, கொஞ்சம் என்னைச் சும்மா விடு. அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வர்றேன்."

"அங்க ஒரு உசுரு ஊசலாடுது, உனக்கு இங்க தூக்கம் கேக்குதா?"

"அவசரப்பட்டா கிழிவேன் தாயி. நானா செய்யறதில்லை. என் உடம்பு அப்படி."

வேறு வழி? எண்ணெய் தடவினாள், ஈரத்துணி போட்டு மூடினாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார முடிந்தால்தானே! வெளியே கடல் இரைகிறது. காக்கையைக் காணோம். துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கினாள்.

"தொடாதேன்னேன்!" என்றது மாவு.

இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிசைவது ஒரு வேலையே இல்லை, இதுதான் வேலை என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

"ம், இப்ப வா" என்றது மாவு.

பலகையில் எண்ணெய் தடவித் தட்டினாள். தூக்கி வீசினாள். விரிந்தது. இன்னும் வீசினாள். மறுபக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்தது. காற்று ஓடிவந்து அதன்மேல் சாய்ந்து, "அடடா, இதல்லவா மெத்தை!" என்றது. அதற்குள் அவள் சேலைக் கொசுவம் மடிப்பதுபோல் மடித்தாள். மடிப்புக்கு மடிப்பு காற்று படுத்துக்கொண்டது. நத்தைக் கூடு மாதிரி சுருட்டி, நுனியை அடியில் செருகினாள். உள்ளே குறட்டை கேட்டது. வெளியே கடல் அடங்கியது.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் காக்கை வந்தது.

"மோசம் போச்சு! துளி காத்து இல்லை. பாய் துவண்டு தொங்குது. நீரோட்டம் தோணியைத் திட்டுப் பக்கமே இழுக்குது."

இவளே தூங்கவைத்தாள், இவளே எழுப்ப வேண்டும். கத்தியால் கீறலாமா? கையிலெடுத்த கத்தியைக் கீழே போட்டாள். மொத்தமும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தால் தோணி என்னாகும்? சுருளை மெல்லத் தட்டிக் கல்லில் போட்டாள். சூடு ஏற ஏற ரொட்டி உப்பி எழுந்தது. எடுத்துப் பலகையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று தட்டினாள். கை வெந்தது, விடவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மடிப்பு பிரிந்தது. மடிப்புக்கு ஒரு மூச்சாகக் காற்று சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது.

"நல்ல தூக்கம் தாயி. எந்தப் பக்கம் போகணும்?"

"கரைப் பக்கமா ராசா. மெதுவா."

பொழுது சாயும் முன்னே மீராசா உப்புப் பூத்த உடம்போடு வாசலில் நின்றான். "என்ன புள்ள, ரொட்டியைப் போட்டு யாரு இந்த அடி அடிச்சது?" என்று பிய்த்தான். பூவிதழ் மாதிரிப் பிரிந்தது. வெதுவெதுப்பாக ஒரு மூச்சு அவன் முகத்தில் பட்டது.

"இதுக்குள்ளருந்து காத்து வருதே!"

ஜுலைகா சிவந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வரத்தான் செய்யும். உங்களைக் கூட்டிட்டு வந்ததே அதுதான். தின்னுங்க."

அன்று முதல்தான் பரோட்டா மாவை ஈரத்துணியால் மூடி ஊறவிடுகிறார்கள், கல்லிலிருந்து எடுத்ததும் கை சுடச் சுடத் தட்டுகிறார்கள். உள்ளே தூங்குகிறவன் கோபமில்லாமல் எழுந்து போகட்டும் என்று.