மக்காத சட்டை

"எனக்குப் பின்னாடி வந்தவங்களுக்கெல்லாம் தீட்சை குடுத்துட்டீங்க. எனக்கு எப்பங்கம்மா?"

நாச்சிமுத்து கேட்டார். கெஞ்சவில்லை. துணி மில் முதலாளியாக இருந்தவர், கெஞ்சிப் பழக்கமில்லை.

குரு அங்காத்தாள் கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் மகள் வயசுதான் இருக்கும். அதனால் என்ன, குரு குருதான்.

அந்த மடத்தில் ஒரே ஒரு சட்டம். வருகிறவர் உடுத்தி வந்த துணியில் ஒன்றை மண்ணில் புதைக்க வேண்டும். அது மக்கி மண்ணாகிற அன்றைக்குத் தீட்சை.

சமையல்காரன் சின்னராசு இவருக்கு அப்புறம் வந்தவன். கிழிந்த லுங்கியோடு வந்தான். ஒரு மழைக்காலம் போனது, லுங்கியும் போனது. தீட்சை வாங்கிவிட்டான். வாய் சும்மா இருக்குமா?

"முதலாளி, நீங்க போய்ச் சேந்தாலும் உங்க சட்டை இருக்குமுங்க."

போய்த் தோண்டிப் பார்க்கச் சொன்னார் அங்காத்தாள்.

தோண்டினார். சட்டை வந்தது. பருத்தி நூல் எல்லாம் மக்கிப்போயிருந்தது. பாலியஸ்டர் நூல் மட்டும் கொசுவலை மாதிரி நின்றது. நீலம்கூட மங்கவில்லை. காலர் காலராகவே இருந்தது.

அவர் மில் துணிதான். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது. கிழியாது, சுருங்காது, சாயம் போகாது என்று ஊர் ஊராகச் சொல்லி விற்றவர் அவரேதான். சொன்னது பொய்யில்லை என்று இப்போது தெரிந்தது.

இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேட்டியைப் புதைக்கிறேன், சுத்தப் பருத்தி என்றார்.

"சரிங்க. அந்தப் பருத்திக்குத் தண்ணி விட்ட கிணறு நல்லா இருக்குதுங்களா?"

நாச்சிமுத்துவுக்கு அந்தக் கிணறு தெரியும். மாமனாரின் பருத்திக் காட்டுக் கிணறு. பருத்தி போட்டுப் போட்டுத் தண்ணீர் வற்றி அடிப்பாறை தெரிந்துவிட்டது. இப்போது காலிப் பூச்சிமருந்து டப்பா வீசுகிற குழி.

வேட்டிப் பேச்சை அத்தோடு விட்டார். சட்டையை விடவில்லை.

சின்னராசுவிடம் கத்தரிக்கோல் வாங்கினார். சட்டையைப் பொடிப்பொடியாக நறுக்கினார். விரல் கொப்பளித்தது. பரவாயில்லை என்று நறுக்கினார். அத்தனையையும் கீரைப் பாத்தி மண்ணில் போட்டுப் பிசைந்தார். பார்த்தால் வெறும் மண்தான்.

கீரை வளர்ந்ததும் அங்காத்தாளைக் கூட்டிவந்தார். சட்டை மண்ணாகிவிட்டது, நீங்களே பாருங்கள் என்று அடித்துச் சொன்னார்.

அங்காத்தாள் குனிந்து ஒரு கீரையைப் பிடுங்கினார். மண்ணை உதறினார். வேரோடு வேராக நீல நூல் தொங்கியது.

அதை நாச்சிமுத்துவின் கையில் வைத்தார்.

"இன்னைக்குக் கடைசலுக்கு இந்தக் கீரைதானுங்க."

நாச்சிமுத்து பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். நூலைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கப் பொறுக்க வந்தது. பொழுது சாய்ந்தும் வந்துகொண்டே இருந்தது. மண்ணில் கலந்ததைப் பிரிக்கிற வித்தை யாருக்காவது தெரியுமா, அவர் காலில் விழுந்தாவது கற்றுக்கொள்கிறேன் என்றார். முதன்முறையாகக் குரல் உடைந்தது.

அங்காத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த நூலெல்லாம் கலக்கறது எங்கீங்க?"

"நம்ம மில்லுலதானுங்க. பசங்க பாத்துக்கறாங்க."

"இப்பவுமா?"

"மிசின் நிக்கறதே இல்லீங்கம்மா."

அங்காத்தாள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

நாச்சிமுத்து கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் நீல நூல்.

எழுந்தார். நேரே சமையல்கட்டுக்குப் போனார். சின்னராசு ஏதோ கிண்டலாக ஆரம்பித்தான். அவர் காதில் வாங்கவில்லை.

மில் பக்கம் போகிற பஸ் எப்போது வரும் என்று கேட்டார்.