நொதி சுரக்குமுன் நுண்ணுயிர் காத்திருப்பது ஏன்?

கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் வாழ்ந்தது. அவர்களுக்குப் பல் கிடையாது. உடம்பில் சுரக்கும் நொதியை உணவின் மேல் விடுவார்கள். கரைந்து வருவதைக் குடிப்பார்கள். யாருக்குப் பசித்தாலும் உடனே நொதி விடுவதுதான் வழக்கம்.

மழை பொய்த்த ஓர் ஆண்டில், மண்வெட்டி பட்ட ஒரு சேனைக்கிழங்கின் காயம் வழியாக அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். நூறு பேர் இருந்தார்கள். பசியின் வேகத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறி, அங்கொரு சொட்டும் இங்கொரு சொட்டுமாக நொதியை விட்டார்கள்.

கிழங்கு விழித்துக்கொண்டது. "என் சுவரைக் கரைப்பது யார்?" என்று உறுமிக் கசப்பு நீரைப் பாய்ச்சியது. அதுவும் உயிர்தானே, அடுத்த மழைக்கு அது முளைத்தாக வேண்டும். பொழுது சாய்வதற்குள் எண்பது பேர் மாண்டார்கள். கிழங்கு மறுபடி உறங்கிப்போனது.

பிழைத்தவர்களில் நொய்யாளும் துமியாளும் இருந்தார்கள். ஓர் உடல் இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள். யார் மூத்தவள் என்று அவர்களுக்கே தெரியாது.

"கொஞ்சம் பேராக இருந்துகொண்டு தொட்டோம், அதனால் செத்தோம்" என்றாள் நொய்யாள். "காயத்தில் கசியும் சாற்றை நக்கிப் பெருகுவோம். பலரான பிறகு ஒன்றாகத் தொடுவோம்."

"பலராகிவிட்டோம் என்று எப்படித் தெரியும்? இங்கே ஒரே இருட்டு. குரலும் சுவரைத் தாண்டாது" என்றாள் துமியாள்.

நொய்யாள் தன் உடம்பில் நொதி சுரப்பதை அடக்கினாள். அதற்குப் பதிலாக மெல்லிய மணம் ஒன்றைக் கசியவிட்டாள். சற்று நேரத்தில் தொலைவிலிருந்து அதே மணம் திரும்பி வந்தது. மற்றவர்களும் நொதியை அடக்கி, ஒவ்வொருவராக மணம் விடத் தொடங்கியிருந்தார்கள். ஆள் பெருகப் பெருக மணமும் அடரும்.

மூன்றாம் நாள் துமியாள் துவண்டுபோனாள்.

"அடியே, கசப்பு நீர் என்னையும் தொட்டுவிட்டது. சாறு போதவில்லை. ஒரே ஒரு சொட்டு நொதி விட்டுக்கொள்கிறேன்."

"மணம் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. இப்போது விட்டால் கிழங்கு விழித்துவிடும். மிஞ்சியவர்களும் போவார்கள்."

"நான் போனால்?"

சரி என்று சொல்ல நொய்யாளுக்கு ஆசையாக இருந்தது. ஆனாலும் மணத்தையே கசியவிட்டாள்.

துமியாள் நொதி விடவில்லை; உடம்பில் எஞ்சியிருந்ததையெல்லாம் திரட்டி மணமாகவே விட்டாள். அதோடு அவள் மூச்சு அடங்கியது.

ஐந்தாம் நாள் மணம் அடர்ந்தது. தன் மணம் எது, பிறர் மணம் எது என்று பிரித்தறிய முடியாத அளவுக்குத் திரண்டது. அந்தக் கணமே எல்லா உடல்களிலும் நொதி சுரந்தது. கிழங்கு விழிக்குமுன் சுவர்கள் சரிந்தன. அத்தனை பேரும் குடித்தார்கள். நொய்யாள் மட்டும் துமியாள் கிடந்த இடத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு, கடைசியாக வந்து குடித்தாள்.

அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம். தனியாக இருக்கும் நுண்ணுயிர் நொதி சுரப்பதில்லை. மணத்தை மட்டும் விட்டுவிட்டுக் காத்திருக்கிறது. நேற்றுவரை கல்லாக இருந்த கிழங்கு இன்று திடீரென்று குழைந்து கிடப்பதும் அதனால்தான்.