ஏழாவது வளைவு

ஏழாவது வளைவில் கார் பனிச்சுவருக்குள் போய்ச் செருகிக்கொண்டது. காலையிலிருந்து மூன்றாவது தடவை. அதே வளைவு. அதே சுவர்.

எஞ்சின் நின்றுபோனது. முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. வைப்பர் ஒருமுறை முக்கிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டது.

"டீச்சர், அடி கிடி பட்டுதோ?" என்று கேட்டார் பேரின்பநாதன்.

"இல்லை, அண்ணை. இறங்கி ஷவலை எடுங்கோ," என்றாள் சாருகா.

இடம் நோர்வேயின் வட கோடி. பெப்ரவரி மாதம். ஏரி ஒரு மீட்டர் ஆழத்துக்கு உறைந்து கிடந்தது. அதன்மேல் பனியை வழித்து, இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவராய்க் குவித்து, ஒன்பது வளைவுகளோடு ஒரு பாதை போட்டிருந்தார்கள். பனியில் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பழக்குகிறவள் சாருகா. வயது முப்பத்தொன்று, நல்ல உயரம், அந்த ஊரிலேயே பிறந்தவள். வாயைத் திறப்பது குறைவு. அவளைவிட இருபத்துநாலு வயது மூத்த பேரின்பநாதனும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

ஏரிக்கு ஒரு சட்டம் உண்டு. சுவருக்குள் விட்டவரே தோண்ட வேண்டும். முன் பம்பர் முழுதாகத் தெரிந்த பிறகுதான் ஊலா என்ற கிழவர் டிராக்டரைக் கொண்டுவந்து இழுப்பார். அதற்குமுன் கும்பிட்டாலும் அசையமாட்டார். டிராக்டருக்குள் இருந்து காப்பி குடிப்பார்.

பேரின்பநாதன் தோண்டினார்.

கரையில் அவருடைய மனைவி பவளராணி இரண்டு ஜாக்கெட்டுக்கு மேல் ஒரு கம்பளியும் போர்த்துக்கொண்டு நின்றாள். அவள்தான் நீதிபதி.

கதை இதுதான். மீன் தொழிற்சாலைக் குளிரில் இருபத்தெட்டு வருசம் நின்ற மனுசன், ஒக்டோபரில் ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். சிவப்பு. இரண்டே கதவு. எஞ்சின் நாலு சக்கரத்தையும் இழுக்கும். "நாலு சில்லும் இழுக்குது. பனியெல்லாம் இதுக்குத் தூசு," என்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். தைப்பொங்கலன்று மனைவியை ஏற்றிக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போகும்போது காரை வீதியோரப் பள்ளத்தில் இறக்கினார். பவளராணி சீட் பெல்ட்டில் சரிந்து தொங்கினாள். அவள் மடியில் இருந்த பொங்கல் கூரைவரை போனது. கூரைத் துணியில் பயறு இன்னும் ஒட்டியிருக்கிறது.

அன்றிலிருந்து அவளுக்கு பஸ். மைனஸ் பதினெட்டில் நின்று பஸ் பிடித்து வேலைக்குப் போனாள். காரில் ஏறவில்லை.

"அந்த ஏரியிலை நிப்பாட்டாமல் மூண்டு சுத்து, விழாமல் ஓடிக் காட்டுங்கோ. ஏறுறன்," என்றாள். "அஞ்சு ஞாயிறு தாறன். ஏலாட்டி வித்துப்போடுங்கோ."

இது ஐந்தாவது ஞாயிறு. கார் வாங்குகிறவன் நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிறான். ஏரிப் பாதையை இரண்டு மணிக்கு மூடுவார்கள். இப்போது ஒன்றேகால்.

பம்பர் தெரிந்தது. ஊலா வந்தார், இழுத்தார், போனார். பேரின்பநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"நாலு சில்லும் இழுக்குது. பிறகு ஏன் இந்த மூதேவி வழுக்குது?"

சாருகா பாதையைக் காட்டினாள். "அண்ணை, ஓடுங்கோ."

"காரையோ?"

"நீங்கள். காலாலை."

பேரின்பநாதன் ஓடினார். வழுக்கி வழுக்கி ஒரு பத்து எட்டு போயிருப்பார்.

"நில்லுங்கோ!"

நின்றார். அதாவது நிற்கப் பார்த்தார். கால் முன்னால் போனது, ஆள் பின்னால் இருந்தார்.

கரையிலிருந்து பவளராணி கத்தினாள். "எலும்பு முறிஞ்சாலும் கார் விக்கிறதுதான்!"

"எத்தினை காலாலை ஓடினீங்கள்?" என்று கேட்டாள் சாருகா.

"இதென்ன கேள்வி? ரெண்டு."

"இப்ப நாலு காலாலை ஓடுங்கோ."

"என்ன?"

"கையையும் ஊண்டி ஓடுங்கோ."

"டீச்சர், எனக்கு அம்பத்தைஞ்சு வயசு."

"நேரம் ஒண்டு இருபத்தைஞ்சு."

பேரின்பநாதன் நாலு காலில் நின்றார். புறப்பட்டார். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகப் புறப்பட்டார். கொஞ்சமும் வழுக்கவில்லை. நாய்க்குட்டி மாதிரிப் பாய்ந்து போனார். அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

"டீச்சர், பாத்தீங்களோ! பாத்தீங்களோ!"

"நில்லுங்கோ!"

கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வயிறு ஐஸில் அடித்தது. ஆள் நீளத்துக்குச் சறுக்கிப் போய்ச் சுவருக்குள் தலையைக் கொடுத்தார்.

ஊலா டிராக்டரின் ஹார்னை அடித்தார். இவரையும் கட்டி இழுக்க வேண்டுமா என்று நோர்வே மொழியில் கேட்டார். "முதல்லை தோண்டச் சொல்லுங்கோ!" என்றாள் பவளராணி தமிழில். இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டு சிரித்தார்கள்.

பேரின்பநாதன் தலையை வெளியே இழுத்தார். தொப்பி உள்ளேயே தங்கிவிட்டது. முகத்துப் பனியைத் துடைத்தார். நாலு கால் ஓடத்தான், நிற்க அல்ல என்று விளங்கியது. நாலு சில்லு பற்றி அதன்பிறகு அவர் பேச்செடுக்கவில்லை.

"அண்ணை, தலை உள்ளுக்குப் போக முதல் கண்ணிலை என்ன இருந்தது?"

"சுவர்."

"காரிலை வரேக்கை?"

யோசித்தார். "அதுவும் சுவர்தான். இவ்வளவு பெரிய சாமான் நேரை வருது, டீச்சர். வேறை என்னத்தைப் பாக்கிறது?"

"கண் போற பக்கம்தான் கையும் போகும்," என்றாள் சாருகா. அவ்வளவுதான்.

நாலாவது தடவை புறப்பட்டார்கள். இம்முறை வித்தியாசம் தெரிந்தது. வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்தார். முதல் வளைவு வழுக்காமல் போனது. இரண்டு, மூன்று. ஆணி பதித்த டயர் ஐஸைக் கரகரவென்று கிழித்தது. நாலாவதில் பின்பக்கம் கொஞ்சம் விலகியது, அக்சிலேட்டரை மெல்ல மிதித்தார், கார் தானாக நிமிர்ந்துகொண்டது. ஐந்து, ஆறு. பேரின்பநாதன் பல்லைக் காட்டினார்.

ஏழாவது வந்தது. பாதை வலப்பக்கம் திரும்ப, சுவர் நேரே நின்றது. 'வலம் பார், வலம் பார்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பார்த்தார். கண் ஒரு கணம் வலம் போய்விட்டு, ஊர் தாண்டிக் கொண்டுபோய் விட்ட பூனை மாதிரித் திரும்பிச் சுவருக்கே வந்தது. கால் பிரேக்கில் ஏறியது.

பொத்.

மறுபடி வெள்ளை. மறுபடி ஷவல்.

தோண்டி முடித்து ஊலா இழுத்துவிட்டபோது ஒன்று நாற்பத்தைந்து. பேரின்பநாதன் காரைக் கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கினார். சாவியை மனைவியிடம் நீட்டினார்.

"தோண்டினது காணும், பவளம். வித்துப்போடுவம்."

அவர் கெஞ்சவில்லை, சாக்குப்போக்கும் சொல்லவில்லை. பவளராணிக்கு அது பிடிக்கவில்லை. இந்த மனுசன் சாட்டுச் சொல்லாமல் எதையும் விட்டதில்லை. சாவியை வாங்காமல் சாருகாவைப் பார்த்தாள்.

"பிள்ளை, உந்தச் சுவர் கல்லோ, மெத்தையோ?"

"மெத்தைதான், அக்கா."

"விழுந்தால்?"

"அண்ணை தோண்டுவார்."

பவளராணி கம்பளியை உதறி மடித்தாள். "விக்கப்போற சாமான். ஒருக்கா இருந்து பாத்துப்போட்டு விப்பம்."

பேரின்பநாதன் திகைத்தார். "நீ ஏறுறியோ?"

"ஏறுறன். மூண்டு சுத்து. விழுந்தால் நாலு மணிக்கு அவன் கொண்டு போகட்டும். பேச்சில்லை."

சாருகா பக்கத்து சீட்டை விட்டு இறங்கினாள். "அக்கா, ஒரு விசயம். ஓடேக்கை பக்கத்திலை இருக்கிற ஆள் கதைக்கக்கூடாது. இஞ்சத்தைச் சட்டம்."

"எங்கடை வீட்டிலையே அந்தச் சட்டம் இல்லை, பிள்ளை."

சாருகா அவளை ஒரு கணம் பார்த்தாள். "அப்பச் சரி," என்று கதவைச் சாத்தினாள்.

அந்த நாட்டுக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். பவளராணி வலப்பக்கம் இருந்தாள். பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். கூரையில் ஒட்டியிருந்த பயற்றைப் பார்த்தாள். முருகனைக் கூப்பிட்டாள்.

கார் பாய்ந்தது.

"ஐயோ! கெதியாப் போகாதேங்கோ!"

"இது கெதி இல்லை!"

"அப்ப இதென்ன?"

முதல் வளைவு. பின்னால் பனித்தூள் கோதுமை மா மாதிரி எழும்பியது. இரண்டாவது. பவளராணி கதவுப் பிடியைப் பிடித்துத் தொங்கினாள். மூன்றில் "கடவுளே", நாலில் "நாசமாப் போக", ஐந்தில் சத்தமில்லை. ஆறில் அவளுக்குக் கொஞ்சம் துணிவு வந்து காலை ஊன்றப் பார்த்தாள். கால் எட்டவில்லை.

ஏழாவது. சுவர் பெருத்துக்கொண்டு வந்தது.

"இஞ்சருங்கோ! இந்த சீட்டை ஆர் இவ்வளவு பின்னுக்குத் தள்ளினது?"

"என்ன?" அவர் திரும்பினார்.

"என்ரை கால் எட்டேல்லை! ஆரை ஏத்திக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

"டீச்சரை! டீச்சருக்கு நீளக் கால்!"

பிரேக்கை மிதிக்க அவருக்கு மறந்துபோனது. சில்லு நாலும் ஐஸைக் கவ்வின. காரின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது, பின்பக்கம் மெல்ல வீசியது, சுவர் இடப்பக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சர்ரென்று ஓடியது. அவர் முன்னால் பார்த்தபோது எட்டாவது வளைவு வந்துவிட்டது.

"எடுத்திட்டன்!" என்று கத்தினார்.

"என்னத்தை எடுத்தனீங்கள்?"

"ஏழாவதை!"

"எங்கை இருந்தது?"

"பின்னுக்குப் போட்டுது!"

கரையில் சாருகா ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று.

இரண்டாவது சுற்று. இன்னும் வேகம். பேரின்பநாதனின் காது சிவந்தது. வளைவுகள் மணி கோத்த மாதிரி வந்தன. பவளராணி இப்போது கதவுப் பிடியில் ஒரு கையைத்தான் வைத்திருந்தாள். மற்றக் கையால் சீட்டுக்குப் பக்கத்தில் தடவி ஒரு பட்டனைக் கண்டுபிடித்தாள். சீட் முன்னுக்கு வந்தது. இன்னொரு பட்டன். சீட் சூடானது. அவள் முகம் இளகியது.

ஏழாவது தெரிந்தது.

"அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"உங்கடை டீச்சருக்கு. என்ரை அண்ணற்றை பெடியனுக்குப் பாக்கலாமெண்டு."

"அவன் சைக்கிளே ஓடமாட்டான்!" அதை முகத்துக்கு நேரே சொல்லவேண்டும் என்று திரும்பிச் சொன்னார். சுவர் சர்ரென்று போனது.

இரண்டு விரல்.

ஊலா காப்பியை வைத்துவிட்டு டிராக்டரின் மேல் ஏறி நின்றார். நேரம் ஒன்று ஐம்பத்தைந்து.

மூன்றாவது சுற்று. ஒன்று, இரண்டு, மூன்று. பேரின்பநாதன் ஏதோ பாடினார். நாலு, ஐந்து. காருக்குள் வெயில் அடித்தது, கண் கூசியது. ஆறு.

ஏழாவது. சுவர் நேரே நின்றது. முதல் தடவை பார்த்ததைவிடப் பெரிதாக. கண் அதில் போய் ஒட்டியது. கால் பிரேக்கைத் தேடியது.

பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

இவளுக்கு என்ன நடந்தது?

திரும்பிப் பார்த்தார்.

பவளராணி இரண்டு கையையும் மேலே தூக்கிக் கூரையில் ஊன்றியிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வராத சிரிப்பு. ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது மூச்சு நின்று வருகிற சிரிப்பு. கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் சுவரையும் மறந்தார், பிரேக்கையும் மறந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கார் திரும்பியது.

எட்டு. ஒன்பது. கரை.

ஊலா டிராக்டரின் மேல் நின்று கையைத் தட்டினார். பேரின்பநாதன் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அந்த ஆளுக்குப் போன் எடுங்கோ," என்றாள் பவளராணி. "வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"உண்மையாவோ?"

"நாளைக்கு வேலைக்கு இதிலைதான் போறன். ஏழு மணிக்கு வெளிக்கிட வேணும், நித்திரை கொள்ளாதேங்கோ."

"நீ இறங்கேல்லையோ?"

"நான் ஏன் இறங்குறன்? நல்ல சூடாயிருக்கு."

பேரின்பநாதன் இறங்கினார். சாருகா பாதையின் வாயில் சங்கிலியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய்த் தொப்பியில்லாத தலையோடு நின்றார். மூச்சு ஆவியாய்ப் போனது.

"டீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"அஞ்சு கிழமையாப் பழக்கினது நீங்கள். ஸ்டியரிங் பிடிச்சது நான். இழுத்தது சில்லு. அதெல்லாம் முந்தியும் இருந்தது, நாலு தரம் சுவருக்குள்ளை விட்டன். இப்ப அந்த ஏழாவது வளைவிலை காரைத் திருப்பினது ஆர்?"

சாருகா சங்கிலியைக் கொளுவினாள். கையுறையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பவளராணி அக்கா."