மோட்டார் சுவிட்சுக்கு மேல் ஒரு கேமரா

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை முதல் தூறல். தண்ணீர்த்தொட்டி மீண்டும் நிரம்பி வழியவே, வீட்டுக்காரர் சிதம்பரேசன் மாடியில் குடியிருந்த அங்கயற்கண்ணியை அழைத்தார்.

“மோட்டாரைப் போட்டுட்டு அணைக்காம போறது நீதான். இல்லேன்னா, காசு செலவில்லாம ஆளைப் பிடிச்சுக் காட்டு. முடியலேன்னா வீட்டைக் காலி பண்ணு.”

அவள் தன் பழைய கைப்பேசியைக் கேமராவாக்கி, சுவிட்சுக்கு நேர்மேலே கட்டினாள். மறுநாளும் தொட்டி வழிந்தது. பதிவைப் பார்த்தால், சுவிட்சைப் போட்டுவிட்டு நகர்ந்தது ஒரு வழுக்கை உச்சி.

சிதம்பரேசன் குழம்பினார். “யாரும்மா இவன்? நம்ம வீட்டுல இப்படி ஒரு மண்டையே இல்லையே.”

“யாரா இருந்தாலும் காலி பண்ணணும், இல்லையா சார்?”

“இன்னைக்கே.”

அவள் கைப்பேசியை அவருடைய மனைவியிடம் நீட்டினாள்.

“இது உங்க தலைதாங்க. காலையில நான்தானே எண்ணெய் தேய்ச்சுவிட்டேன்” என்றார் அந்த அம்மாள்.

அங்கயற்கண்ணி அங்கேயே குடியிருக்கிறாள். மோட்டார்ப் பொறுப்பை அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டார். கேமரா வாசலுக்கு மாற்றப்பட்டது.